கையேட்டிலேயே இருந்தது விலாசம்

தஞ்சை மாவட்டத்து ஸ்ரீபுரம் எந்த வட்டத்தில் இருக்கிறது என்று ஒரு முதுகலை மாணவர் வரைபடத்தை விரித்து வைத்துத் தேடிக்கொண்டிருந்தார். கிடைக்காது. 1960-களின் தொடக்கத்தில் சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேய், அக்கிரகாரம், குடியானவர் தெரு, சேரி என மூன்றாகப் பிரிந்து கிடந்த ஒரு கிராமத்தில் தங்கி அதன் சாதியையும் நிலவுடைமையையும் அதிகாரத்தையும் ஆராய்ந்தபோது, ஊருக்கு இட்ட புனைபெயர் அது. ஊரைக் காட்டிக்கொடுக்காமல் ஊரைப் பற்றி எழுத வேண்டும் என்பது களப்பணியாளர்களின் பழைய வழக்கம்.

அந்த வழக்கம் எல்லா நேரமும் பலித்ததில்லை. நியூயார்க் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றை ‘ஸ்பிரிங்டேல்’ என்ற பெயரில் 1958-இல் இரண்டு சமூகவியலாளர்கள் எழுதினார்கள். ஊர்க்காரர்கள் தங்களை உடனே கண்டுகொண்டார்கள். அடுத்து வந்த சுதந்திர தின ஊர்வலத்தில், நூலில் தங்களுக்கு இடப்பட்ட புனைபெயர்களைச் சூடி முகமூடியோடு வண்டிகளில் வந்தார்கள். கடைசியாக வந்தது எரு இறைக்கும் வண்டி. அதன்மேல் குனிந்து நின்றது ஆசிரியர்களில் ஒருவரின் கொடும்பாவி. கொடும்பாவி கட்டும் கலை நமக்கு மட்டும் உரியதல்ல போலும்.

ஸ்பிரிங்டேலில் குட்டை உடைத்தவர்கள் அந்த ஊர்க்காரர்கள்தாம். அரை நூற்றாண்டு கழித்து, 2008-இல், இன்னொரு புனைபெயர் உடைந்தது. இந்த முறை உடைத்தவர் ஆராயப்பட்டவர்களில் ஒருவர் அல்லர். தரவுக் கோப்பைத் திறந்துகூடப் பார்க்காத ஒரு வெளியாள். இணையவெளியை ஆராய வருகிற ஒவ்வொரு மாணவருக்கும் முதல் வாரத்திலேயே நான் சொல்லிக்கொடுக்கும் நிகழ்வு இது. இதில் கெட்டவர்கள் யாரும் இல்லை என்பதுதான் இதைச் சொல்லிக்கொடுப்பதற்கு முதல் காரணம்.

1640 பேர்

அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேசன் காஃப்மன், கெவின் லூயிஸ், மார்கோ கொன்சாலஸ், நிக்கலஸ் கிறிஸ்டாகிஸ் ஆகியோரும், கலிஃபோர்னியாவிலிருந்து ஆண்ட்ரியாஸ் விம்மரும் சேர்ந்து நடத்திய ஆய்வு அது. ‘ரசனை, உறவு, காலம்’ என்று பொருள்படும் பெயர். ஆங்கிலத்தில் மூன்று சொற்களும் ஒரே எழுத்தில் தொடங்குவதால் ‘டி3’ என்று சுருக்கி அழைப்பார்கள். 2005-இல் சேர்ந்து 2009-இல் பட்டம் பெறவிருந்த ஒரு முழு வகுப்பு, மொத்தம் 1640 பேர். அவர்களுடைய ஃபேஸ்புக் பக்கங்களை 2006-இல் தொடங்கி ஆண்டுக்கு ஒரு முறை, நான்கு ஆண்டுகளுக்குப் பதிவிறக்கி வைப்பது திட்டம்.

அன்றைய ஃபேஸ்புக் இன்றையதைப் போன்றதல்ல என்பதை இளம் வாசகர்களுக்குச் சொல்லியாக வேண்டும். 2004 பிப்ரவரியில் ஹார்வர்ட் விடுதி அறையில் தொடங்கிய அந்தத் தளம், 2006 செப்டம்பர் வரை எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. பல்கலைக்கழகத்தையோ பள்ளியையோ, பிற்பாடு சில நிறுவனங்களையோ சேர்ந்தவராக இருந்தால்தான் உள்ளே போக முடியும். உள்ளே போனாலும் நீங்கள் உங்கள் கல்லூரி வளாகத்துக்குள்தான் நிற்பீர்கள். மாணவி ஒருவர் தன் பக்கத்தில் எழுதுவதை, அமைப்பை மாற்றாத வரை, அவருடைய கல்லூரிக்காரர்கள் அனைவரும் பார்க்கலாம். அடுத்த கல்லூரிக்காரர் பார்க்க முடியாது. ஏறக்குறைய விடுதி அறிவிப்புப் பலகையைப் போன்றது: வளாகத்தில் நடமாடும் எவரும் படிக்கலாம், சாலையில் போகிறவர் கண்ணுக்குத் தெரியாது.

இந்தத் தரவுக்காக ஆய்வுலகம் ஏன் வாயூறியது என்பதைப் புரிந்துகொள்ள, அதற்கு முன் நட்பை எப்படி அளந்தார்கள் என்று நினைத்துப் பார்க்க வேண்டும். ‘உங்கள் நெருங்கிய நண்பர்கள் ஐந்து பேரைச் சொல்லுங்கள்’ என்று வினாத்தாளோடு போய் நிற்போம். பதில் சொல்பவர் நேற்று டீ குடித்தவரைச் சொல்வார், பத்து வருட நண்பரை மறந்துவிடுவார். ஐந்தாவது பெயருக்கு வரும்போது சலிப்பு வந்துவிடும். நண்பர் என்று அவர் சொன்ன ஆளிடம் போனால், அவர் இவரைச் சொல்ல மாட்டார். பதில் தர மறுத்த ஒவ்வொருவரோடும் வலையமைப்பில் ஒரு முடிச்சு அறுந்துபோகும். ஆனால் ஒரு வகுப்பே ஒட்டுமொத்தமாக, யாரையும் கேள்வி கேட்டுத் தொந்தரவு செய்யாமல், காலவரிசையோடு கிடைத்தால்?

ஆய்வாளர்கள் கெட்டிக்காரர்கள். ஃபேஸ்புக்கில் ‘நண்பர்’ என்ற சொல் மலிந்துவிட்டது என்பதை அவர்கள் அறிவார்கள். ஒரே ஒரு சொடுக்கில் யாரும் யாருக்கும் நண்பர். அதனால் ‘படநண்பர்’ என்று ஒரு வகையை உருவாக்கினார்கள். ஒருவரோடு ஒரே இடத்தில் இருந்து, படம் எடுத்து, அதைப் பதிவேற்றி, அவர் பெயரையும் அதில் குறிக்கிறோம் என்றால் அந்த உறவுக்குக் கொஞ்சம் மெனக்கெட்டிருக்கிறோம் என்று பொருள். இதோடு, யார் யாரோடு அறையைப் பகிர்ந்துகொள்கிறார் என்ற விடுதித் தகவலைப் பல்கலைக்கழகமே கொடுத்தது. ஆக ஒரே ஆட்களுக்கு மூன்று அடுக்கு உறவுகள்: சொடுக்கிய நட்பு, படமெடுத்த நட்பு, பக்கத்துக் கட்டில். இன்றைக்கும் அளவீட்டு வடிவமைப்புக்கு எடுத்துக்காட்டு கேட்டால் நான் இந்தப் பகுதியைத்தான் கரும்பலகையில் வரைகிறேன்.

கிடைத்த பலனும் சிறியதல்ல. ‘இனம் இனத்தோடு, வெள்ளாடு தன்னோடு’ என்று ஒரு பழமொழி வைத்திருக்கிறோம். ‘பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும்’ என்று இன்னொன்றும் வைத்திருக்கிறோம். இரண்டு நண்பர்களுக்கு ஒரே பாட்டுப் பிடித்திருக்கிறது என்றால், ஒரே ரசனை இருந்ததால் நண்பர்கள் ஆனார்களா, நண்பர்கள் ஆனதால் ஒரே ரசனை வந்ததா? ஒரு நாள் எடுத்த படத்தை வைத்து இதைப் பிரிக்கவே முடியாது, காலவரிசை வேண்டும். லூயிஸ், கொன்சாலஸ், காஃப்மன் மூவரும் 2012-இல் வெளியிட்ட கட்டுரையில் முதல் பழமொழியின் பக்கம்தான் தட்டு தாழ்ந்தது. இசையிலும் திரைப்படத்திலும் குறிப்பிட்ட சில ரசனைகள் ஒத்தவர்கள் நண்பர்களாகும் வாய்ப்பு கூடியிருந்தது; புத்தக ரசனைக்கு அந்த வலிமை இல்லை. நண்பரிடமிருந்து ரசனை தொற்றியதற்குச் சான்று மிகக் குறைவு. மேற்கத்திய சாஸ்திரிய இசையும் ஜாஸும் சேர்ந்த ரசனை மட்டும் விதிவிலக்கு. அதற்கு முன்பே, 2010-இல், விம்மரும் லூயிஸும் இன்னொன்றைக் காட்டியிருந்தார்கள். மாணவர் நட்பு இனவாரியாகக் குவிந்து தெரிவதற்கு இனப்பற்று மட்டும் காரணமன்று. நட்புக்கு நட்பு திருப்பிக் கொடுப்பதும், நண்பரின் நண்பர் நண்பராவதும் அந்தக் குவியலைப் பெரிதாக்கிக் காட்டுகின்றன.

இதையெல்லாம் விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆய்வு அறம் பற்றிய வகுப்புகளில், தவறிய ஆய்வு எல்லாம் உதவாத ஆய்வு என்பதுபோல ஒரு தொனி வந்துவிடுகிறது. டி3 உதவாத ஆய்வு அல்ல.

எடுத்த முன்னெச்சரிக்கைகள்

2008 செப்டம்பர் 25 அன்று முதல் ஆண்டின் தரவு பிற ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அமெரிக்க அரசின் தேசிய அறிவியல் அறக்கட்டளை பணம் கொடுத்த ஆய்வு. பொதுப் பணத்தில் திரட்டிய தரவைப் பகிர வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. அந்த எதிர்பார்ப்பில் எனக்கும் உடன்பாடு உண்டு. தரவைப் பெட்டியில் பூட்டிக்கொண்டு முடிவை மட்டும் நம்பச் சொல்வது அறிவியல் அன்று.

குழு கவனமாகவும் இருந்தது. பெயர்களும் அடையாள எண்களும் நீக்கப்பட்டன. பல்கலைக்கழகத்தின் பெயர் சொல்லப்படவில்லை. ‘வடகிழக்கு அமெரிக்காவின் ஒரு பல்கலைக்கழகம்’ என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். ஒருவருக்குப் பிடித்த பாடகர்கள், படங்கள், புத்தகங்கள் அடங்கிய பட்டியல் கைரேகையைப் போன்றது என்று உணர்ந்து, அந்தப் பெயர்களை மட்டும் 2011 வரை வெளியிடுவதில்லை என்று தள்ளிவைத்தார்கள். தரவு வேண்டுவோர் விண்ணப்பிக்க வேண்டும், யாரையும் அடையாளம் காண முயல மாட்டேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஃபேஸ்புக்கின் அனுமதி இருந்தது. பல்கலைக்கழகத்தின் அனுமதி இருந்தது. அறநெறிக் குழுவின் ஒப்புதலும் இருந்தது.

இல்லாத ஒப்புதல் அந்த 1640 பேருடையது. அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. உங்களை ஆராய்கிறோம் என்று சொல்லவும் இல்லை.

புதிர் அவிழ்ந்த விதம்

விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் மில்வாக்கி வளாகத்தில் தகவல் அறம் கற்பித்துக்கொண்டிருந்த மைக்கேல் ஜிம்மர், தரவு கேட்டு விண்ணப்பிக்கவில்லை. விண்ணப்பிக்காமலே கிடைத்த ஒன்று இருந்தது: கோட்புக். தரவோடு பழகாதவர்களுக்காகச் சொல்கிறேன். எந்தப் பத்தியில் எந்த எண் எதைக் குறிக்கிறது, எத்தனை பேர் எந்த விடையில் விழுந்திருக்கிறார்கள் என்று விளக்கும் கையேடு அது. தரவுக்குப் பூட்டு போட்டவர்கள் கையேட்டை வாசலில் வைத்திருந்தார்கள். உலகம் முழுவதும் அதுதான் நடைமுறை. கையேட்டைப் பார்த்துத்தானே தரவு நமக்கு உதவுமா என்று தீர்மானிக்க முடியும்?

கையேடு சொன்னது: தனியார் பல்கலைக்கழகம், இருபாலரும் படிப்பது, 2009 வகுப்பில் முதலில் 1640 பேர். இவற்றோடு வடகிழக்கு மாநிலங்களையும் மாணவர் எண்ணிக்கையின் அளவையும் கொடுத்துக் கல்லூரி வழிகாட்டித் தளம் ஒன்றில் தேடினார் ஜிம்மர். ஏழு பெயர்கள் மிஞ்சின. டஃப்ட்ஸ், யேல், பிரவுன், ஹார்வர்ட் ஆகியவை அவற்றில் அடக்கம்.

அடுத்தது பாடப்பிரிவுகளின் பட்டியல். ‘அண்மைக் கிழக்கு மொழிகளும் நாகரிகங்களும்’, ‘உயிரி மற்றும் பரிணாம உயிரியல்’ என்ற பாணியில் சில துறைப்பெயர்கள். எல்லாக் கல்லூரியிலும் பொருளாதாரம் இருக்கும்; இந்தப் பெயர்களில் இந்தத் துறைகள் மொத்தமாக இருப்பது ஹார்வர்டில்தான். போதாக்குறைக்கு, அந்த ஆண்டு ஜூன் மாதத்தில் காஃப்மன் ஆற்றிய உரையின் காணொளி ஒன்று கிடைத்தது. முதலாண்டின் நடுவில் இந்த மாணவர்கள் ஒருவர் முதல் ஏழு பேர் வரை நெருங்கிய நண்பர்களைத் தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டும், மிச்சக் கல்லூரிக் காலம் முழுவதும் அவர்களோடுதான் வாழ வேண்டும் என்று அதில் அவர் விளக்கியிருந்தார். வலையமைப்பு ஆய்வுக்கு இதைவிட வளமான களம் கிடைக்காது என்ற உற்சாகத்தில் சொன்னது. ஹார்வர்டின் விடுதி முறையை அறிந்தவருக்கு அதற்கு மேல் எதுவும் தேவையில்லை. அந்த வகுப்பின் எண்ணிக்கையும் 1640 என்று பல்கலைக்கழகமே வெளியிட்டிருந்தது.

சில நாட்களில் முடிந்த வேலை. கணினி நிரல் ஒன்றும் எழுதப்படவில்லை, பூட்டு எதுவும் உடைக்கப்படவில்லை.

ஊர் தெரிந்தால் என்ன, ஆள் தெரியவில்லையே என்று ஒருவர் கேட்கலாம். கேட்டார்கள். அதே கையேட்டில் எத்தனை மாணவர்கள் எந்த மாநிலத்திலிருந்து, எந்த நாட்டுப் பின்னணியிலிருந்து வந்தவர்கள் என்ற எண்ணிக்கையும் இருந்தது. மொன்டானாவிலிருந்து ஒருவர். வயோமிங்கிலிருந்து ஒருவர். அல்பேனியர் ஒருவர். நேபாளி ஒருவர். பல்கலைக்கழகம் தெரியாத வரை ‘நேபாளி ஒருவர்’ என்பது வெறும் எண். தெரிந்தபின் அது ஒரு மனிதர். அந்த வகுப்பில் படித்த எவரும் ஒரு நொடியில் பெயரைச் சொல்லிவிடக்கூடிய மனிதர். தரவில் அவருடைய வரிசையைப் பிடித்துவிட்டால் அவருடைய நண்பர்கள், அறைத்தோழர், அரசியல் சார்பு என்று எல்லாம் கோவையாக வரும்.

வலையமைப்புத் தரவில் இன்னொரு ஆபத்தும் உண்டு. எனக்கு அதிகம் அச்சமூட்டுவது அதுதான். சென்னை ஐஐடியில் படித்து அப்போது டெக்சாஸில் ஆய்வு செய்துகொண்டிருந்த அரவிந்த் நாராயணனும், அவருடைய ஆசிரியர் விட்டாலி ஷ்மாட்டிகோவும் 2009-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பெயர், ஊர், வயது என்று அனைத்தையும் அழித்துவிட்டு, யார் யாரோடு இணைந்திருக்கிறார் என்ற கோடுகளை மட்டும் விட்டுவைத்தாலே போதும் என்று அது காட்டியது. ட்விட்டர், ஃப்ளிக்கர் இரண்டிலும் கணக்கு வைத்திருந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினரை, கோடுகளின் வடிவத்தைக் கொண்டே இனம்கண்டார்கள். பிழை 12 சதவீதம்தான். முதலில் ஒரு சிலரைப் பிடித்துவிட்டால் போதும். அவர்களிலிருந்து அண்டை வீடு, அதற்கடுத்த வீடு என்று அடையாளம் நூல் பிடித்துப் போகும். ஒருவருடைய பெயரை அழிக்கலாம். அவருக்கு யார் யார் உறவு என்பதை அழித்தால் ஆய்வே இல்லை.

‘நாங்கள் சமூகவியலாளர்கள்’

ஜிம்மரின் குறிப்புகள் வெளிவந்தபோது காஃப்மன் ஒளிந்துகொள்ளவில்லை. பொதுவிலேயே பதில் எழுதினார். தாங்கள் சமூகவியலாளர்கள், தொழில்நுட்பர்கள் அல்லர், இதில் பல விஷயங்கள் தங்களுக்குப் புதியவை என்று ஒப்புக்கொண்டார். கூடவே ஒரு வாதமும் வைத்தார். இந்தத் தொகுப்பில் இருப்பது ஏறக்குறைய எல்லாமே ஃபேஸ்புக்கில் இருப்பவைதான். தீய எண்ணம் கொண்டவன் இதற்குள் துழாவுவதைவிட ஃபேஸ்புக்குக்கே போய் இன்னும் அதிகம் எடுத்துக்கொள்ளலாமே?

நியாயமாக ஒலிக்கும் வாதம். இதைத்தான் நான் சேகரித்து வைத்துக்கொண்டே இருக்கிறேன், ஏனென்றால் மறுபடியும் மறுபடியும் வருகிறது. 2016-இல் டென்மார்க்கைச் சேர்ந்த மாணவர் ஒருவர், ஒரு துணைதேடும் தளத்திலிருந்து ஏறத்தாழ 70,000 பேருடைய விவரங்களைப் பயனர் பெயரோடு எடுத்து வெளியிட்டபோதும் இதே பதில்: ஏற்கெனவே பொதுவில் இருந்தவைதானே. அந்த விவரங்களில் பாலியல் விருப்பங்களும் இருந்தன.

டி3 விஷயத்தில் இந்த வாதம் எங்கே ஆட்டம் காண்கிறது என்றால், ‘பொதுவில்’ என்ற சொல்லில். பக்கங்களைப் பதிவிறக்கியவர்கள் யார்? அதே பல்கலைக்கழகத்து மாணவர்களான ஆய்வு உதவியாளர்கள். அவர்கள் தங்கள் சொந்தக் கணக்கில் நுழைந்து, வளாகத்துக்குள் நின்றபடி பார்த்தார்கள். வளாகத்தாருக்கு மட்டும் என்று ஒரு மாணவி எழுதியது அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது, கோப்பில் ஏறியது, அங்கிருந்து உலகத்தின் எந்த மூலையிலும் விண்ணப்பிக்கும் ஆய்வாளருக்குப் போகத் தயாராக நின்றது. அறிவிப்புப் பலகையைக் கழற்றி நெடுஞ்சாலையில் நட்டாயிற்று.

இதில் என்னை வியக்க வைப்பது, ஆய்வாளர்களுக்கு இது தெரிந்தே இருந்தது என்பது. அதே கோட்புக்கில் அவர்களே எழுதியிருக்கிறார்கள்: பதிவிறக்கியவர்களில் இளநிலை மாணவர்களும் மேற்படிப்பு மாணவர்களும் உண்டு, ஒருவர் பார்க்க முடிந்ததை மற்றவர் பார்க்க முடியாமல் இருந்திருக்கலாம், ஆகவே ஒரு தகவலைப் ‘பொது’ என்றோ ‘தனி’ என்றோ பொத்தாம்பொதுவாகக் கொள்ளக் கூடாது, அதைப் பதிவிறக்கிய குறிப்பிட்ட உதவியாளரின் பார்வையிலிருந்து மட்டுமே அப்படிக் கொள்ள வேண்டும். இணையவெளி ஆய்வு பற்றி இதைவிடக் கூர்மையாக எவரும் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் அவர்கள் இதைத் தரவில் உள்ள இரைச்சலைப் (அதில் கலந்துவிடும் பிசகுகளைப்) பற்றிய எச்சரிக்கையாக எழுதினார்கள். பயன்படுத்துபவரே, சில விடுபடல்கள் இருக்கும், கவனம், என்ற அளவில். அது ஒப்புதலைப் பற்றிய வாக்கியம் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை.

இன்னும் ஒன்று. லூயிஸ், காஃப்மன், கிறிஸ்டாகிஸ் மூவரும் அதே 2008-இல் எழுதிய இன்னொரு கட்டுரையின் பொருளே, யார் தங்கள் பக்கத்தைப் பூட்டுகிறார்கள் என்பதுதான். அறைத்தோழரும் நண்பர்களும் பூட்டியிருந்தால் ஒருவர் தானும் பூட்டும் வாய்ப்பு அதிகம். பெண்கள் அதிகம் பூட்டுகிறார்கள். அதாவது மாணவர்கள் தங்களை யார் பார்க்கிறார்கள் என்று யோசித்து, ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்றுக்கொண்டு, எல்லை போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த எல்லை போடுதலைத் துல்லியமாக அளந்தவர்களே அதைத் தாண்டிப் போனார்கள்.

தரவுத்தொகுப்பு இணையத்திலிருந்து விலக்கப்பட்டது. தனியுரிமைக்கான கூடுதல் ஏற்பாடுகளைச் செய்துகொண்டிருக்கிறோம் என்ற அறிவிப்பு அதன் இடத்தில் வந்தது. 2011-இலும் அந்த அறிவிப்புத்தான் நின்றது. ஜிம்மர் 2010-இல் எழுதிய ஆய்வுக்கட்டுரை, இன்று இத்துறையில் யாரும் தாண்டிப் போக முடியாத ஒன்று.

மறுபக்கம்

என் வகுப்பில் யாராவது ஒருவர் இந்த இடத்தில் கை தூக்கி, அப்படியானால் பூட்டிவைப்பதுதானே சரி என்பார். அதற்கும் ஒரு கதை இருக்கிறது. அதுவும் ஹார்வர்டோடு தொடர்புடையதுதான். 2018-இல் அங்குள்ள கேரி கிங்கும் ஸ்டான்ஃபோர்டின் நத்தேனியல் பெர்சிலியும் ஃபேஸ்புக்கோடு ஓர் ஏற்பாடு செய்தார்கள். 2020 பிப்ரவரியில் ஒரு மாபெரும் தொகுப்பு வெளிவந்தது: ஃபேஸ்புக்கில் பகிரப்பட்ட சுமார் 3 கோடியே 80 லட்சம் இணைப்புகளை யார் எவ்வளவு பார்த்தார்கள், பகிர்ந்தார்கள் என்ற கணக்கு. இந்த முறை தனியாட்கள் இல்லை; கூட்டுத்தொகைகள் மட்டும். அவற்றிலும் கணித முறைப்படி வேண்டுமென்றே இரைச்சல் கலக்கப்பட்டிருந்தது, எவர் ஒருவரையும் பிரித்தெடுக்க முடியாதபடி. டி3-இன் பாடத்தை நன்றாகக் கற்றுக்கொண்ட வடிவமைப்பு.

2021-இல் தெரியவந்தது, அமெரிக்கப் பயனர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் அதில் விடுபட்டிருந்தார்கள். அரசியல் சார்பு இன்னதென்று நிறுவனத்தால் ஊகிக்க முடியாதவர்கள் கணக்கில் சேர்க்கப்படவில்லை. அதற்குள் அதை வைத்து வேலை தொடங்கியவர்கள் பலர். இரைச்சலுக்குப் பின்னால் இருந்த ஓட்டையை வெளியிலிருந்து பார்ப்பது எளிதாக இல்லை; பூட்டின் சாவி நிறுவனத்திடம் இருந்தது. டி3-இல் ஆராயப்பட்டவர்களுக்குத் தெரியாமல் போனது. இதில் ஆராய்ந்தவர்களுக்கே தெரியாமல் போனது. எது மோசம் என்று கேட்டால், முதலாவதைத்தான் சொல்வேன். ஆனால் இரண்டாவதை நல்ல தீர்வு என்று சொல்ல எனக்கு வாய் வராது.

நம் பக்கத்து நிலவரம்

இந்தியாவில் 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தாமாகவே பொதுவில் வைத்த தனிநபர் தகவல்களுக்குப் பொருந்தாது. வரையறுத்த தரங்களைப் பின்பற்றி, தனியொருவரைப் பற்றி முடிவெடுக்கப் பயன்படுத்தாத வரை, ஆராய்ச்சிக்கும் விலக்கு உண்டு. ஆக, ‘பொதுவில்’ என்றால் என்ன என்ற அதே கேள்வி இங்கே சட்டத்தின் வாசலில் உட்கார்ந்திருக்கிறது. நீதிமன்றம் ஒருநாள் அதற்கு விடை சொல்லும். ஆய்வாளர் அதுவரை காத்திருக்க முடியாது. அவர் இன்றைக்கு மாலை ஸ்கிரீன்ஷாட் எடுக்கப்போகிறார்.

என்னிடம் ஆய்வு செய்யும் மாணவி ஒருவர், காவிரிக் கடைமடைப் பகுதியில் உள்ள தன் சொந்த ஊரின் வாட்ஸ்அப் குழுவை எடுத்துக்கொண்டார். ஊரை விட்டு வெளியே போனவர்களும் ஊரில் இருப்பவர்களுமாக 200-க்கும் மேற்பட்டவர்கள். கோயில் திருவிழா வரி, தண்ணீர் திறப்பு, துக்கச் செய்தி, காலை வணக்கப் படங்கள். ஆறு மாத உரையாடலை அட்டவணையாக்கிக் கொண்டுவந்தார். “பெயரை எல்லாம் எடுத்துவிட்டேன் சார். ஊர்ப் பெயரையும் மாற்றிவிட்டேன்.”

அட்டவணையைப் பார்த்தேன். வயது, பாலினம், தெரு, தொழில், இப்போது இருக்கும் இடம் என்று ஐந்து பத்திகள். மஸ்கட்டில் செவிலியராக இருக்கும் மேலத்தெருப் பெண் ஒரே ஒருவர். அவர் பேசிய குரல்பதிவு ஒன்றின் எழுத்துவடிவம், நிலத்தகராறு பற்றியது, சொல் மாறாமல் இருந்தது.

“இந்தப் பெண்மணி யார் என்று உன் ஊரில் யாருக்குத் தெரியாது?”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “எல்லோருக்கும் தெரியும் சார். எனக்கு அத்தை முறை,” என்றார்.

வேலையைத் திரும்பத் தொடங்கினோம். தெருவையும் தொழிலையும் ஒரே அட்டவணையில் வைப்பதில்லை என்று முடிவாயிற்று. ஐந்து பேருக்குக் குறைவாக விழும் எந்தக் கட்டத்தையும் பக்கத்துக் கட்டத்தோடு சேர்த்தோம். உரையாடலை அப்படியே எடுத்துக்காட்டாமல், தேடினால் கிடைக்காதபடி மாற்றிச் சொல்வது என்று வைத்துக்கொண்டோம். இதில் பேச்சின் மணம் கொஞ்சம் போய்விடும், போகட்டும். எந்தப் பதிவை எந்த நிலையில் நின்று பார்த்தோம் என்று தனியாக ஒரு பத்தி சேர்த்தோம்: குழு உறுப்பினராக, உறவினராக, ஆய்வாளராக. இது டி3 கோட்புக்கிலிருந்து நேராக எடுத்தது. கடைசியாக, மாணவி குழுவில் வெளிப்படையாக அறிவித்தார், இன்ன ஆய்வு செய்கிறேன், வேண்டாம் என்பவர்கள் தனியாகச் சொல்லலாம் என்று.

ஒன்பது பேர் வேண்டாம் என்றார்கள். மஸ்கட் அத்தை அவர்களில் ஒருவர்; தன் குரல்பதிவு மட்டுமல்ல, தான் அந்தக் குழுவில் இருப்பதே தெரியக் கூடாது என்றார். மாணவியின் பெரியப்பாவிடமிருந்து அன்றிரவே குழுவிலேயே பதில் வந்தது. ஊர் வரலாற்றையும் வாய்க்கால் வழக்கையும் பற்றி நீளமாக எழுதுபவர் அவர். “நல்ல காரியம் அம்மா. நான் எழுதியதை எல்லாம் தாராளமாகப் போட்டுக்கொள். ஆனால் புனைபெயர் எல்லாம் வேண்டாம். ஊர்ப் பெயரோடு என் பெயரையும் போடு.”

பெரியப்பா பெயரைப் போட்டால் ஊர் தெரியும். ஊர் தெரிந்தால் அத்தை தெரிவார். அத்தியாயம் இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது. மாணவி அடுத்த வாரம் ஊருக்குப் போய்ப் பெரியப்பாவிடம் நேரில் பேசப்போகிறார். அத்தையின் பெயரைச் சொல்லாமல் அவரிடம் எப்படி விளக்குவது என்று இன்று காலை என்னிடம் கேட்டார்.